மெயில் எங்கே இருக்கிறது?

மன்னார்குடியில் ஹரித்ராநதித் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு மாமா இருக்கிறார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள், மெல்போர்னில் இருக்கிறாள். அவர் வீட்டு ரேழியில் பழைய பத்தாயத்தை ஒட்டி ஒரு மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர். பத்தாயத்தில் இப்போது நெல் இல்லை. பித்தளைப் பாத்திரங்களும் பழைய பஞ்சாங்கங்களும் கிடக்கின்றன. கம்ப்யூட்டருக்குப் பத்து வயதாகிவிட்டதால் புதிது வாங்கச் சொல்லி மகள் பணம் அனுப்பியிருந்தாள். பெட்டி வந்து இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, போட்டோ, பாட்டெல்லாம் பென் டிரைவுல ஏத்திட்டேன். மெயிலை எப்படி ஏத்துறது? அதெல்லாம் எங்கப்பா இருக்கு? இந்தப் பெட்டிக்குள்ளயா, இல்ல வேற எங்கயாவதா?"

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த மெயில் புரோகிராம் போடலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இலவசமா, வேகமா, பார்க்க நன்றாக இருக்குமா என்பார்கள். மாமா கேட்ட கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அதுதான் முதலில் கேட்க வேண்டியது. மெயில் எங்கே இருக்கிறது, நாளைக்கு இந்தப் புரோகிராமை விட்டு வெளியே போனால் என் கடிதங்களை என்னோடு எடுத்துக்கொண்டு போக முடியுமா என்ற இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் புரோகிராமைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலையே இல்லை.

மெல்போர்னில் மகள் 'அனுப்பு' என்று அழுத்துகிறாள். அவளுடைய மெயில் சேவையின் சர்வர், அதாவது எப்போதும் இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் அவர்கள் கணினி, அதை வாங்கி, மாமாவின் மெயில் சேவை சர்வரைத் தேடிப்பிடித்து ஒப்படைக்கிறது. இந்த ஒப்படைப்புக்கான விதிமுறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982-ல் வகுத்தார்கள், மேலே எத்தனையோ சேர்ந்துவிட்டாலும் அடித்தளம் இன்றும் அதுதான். இவ்வளவும் நடக்கும்போது மன்னார்குடியில் மாமா தூங்கிக்கொண்டிருக்கலாம், கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கலாம். மெயில் சர்வரில் காத்திருக்கும். மிச்சம் இருப்பது சர்வரிலிருந்து வீடு வரைக்குமான தூரம். மெயில் புரோகிராமின் வேலையே அந்தத் தூரத்தில்தான். அதைக் கடக்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி பாப். 1984-ல் அதன் முதல் வடிவம் வந்தது. எப்போதாவது ஒரு தடவை மட்டும் இணைப்புக்கு வரும் கணினிகளுக்காக யோசித்தது அது. புரோகிராம் சர்வருக்குப் போகும், இருக்கிற மெயிலை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரும், வழக்கமாக சர்வரில் இருப்பதைத் துடைத்துவிட்டு வரும். அறுத்த நெல்லைக் களத்தில் விடாமல் பத்தாயத்தில் கொட்டுவது மாதிரி. களம் காலி, எல்லாம் வீட்டில். நம் ஊர்க்காரர்களுக்கு அப்போது அது பொருத்தமாகவே இருந்தது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டெலிபோன் ஒயரில் மோடம் கீச்சிட்டு இணைகிற காலம் அது. இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் போன் கட்டணம் ஓடும். டக்கென்று இணைத்து, மெயிலை இறக்கி, எழுதி வைத்ததை அனுப்பி, துண்டித்துவிட்டு, அப்புறம் நிதானமாக உட்கார்ந்து படிப்போம்.

இரண்டாவது வழி ஐமேப். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் 1986-ல் உருவாக்கியது. இதில் அசல் சர்வரிலேயே இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர், போன், ஆபீஸ் மடிக்கணினி எல்லாம் அந்த அசலைப் பார்க்கும் கண்ணாடிகள். போனில் படித்துவிட்டால் கம்ப்யூட்டரிலும் படித்ததாகத் தெரியும். போனில் அழித்தால் கம்ப்யூட்டரிலும் போய்விடும். ஆளுக்கு ஒரு போன் கையில் இருக்கும் இன்றைய வீட்டுக்கு ஐமேப்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இங்கே ஒரு இடத்தில் பலபேர் வழுக்கிவிடுகிறார்கள். ஐமேப்பிலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் முழுப் பிரதி இறங்கி இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு, நம்மிடம் பேக்கப், அதாவது பத்திரமான மறுபிரதி, இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். கண்ணாடி பேக்கப் ஆகாது. யாராவது நம் கணக்குக்குள் நுழைந்து எல்லாவற்றையும் அழித்தால், அடுத்த முறை இணைந்ததும் கண்ணாடியிலும் அந்த வெறுமைதான் தெரியும். அதனால் வேண்டிய கடிதங்களை ஐமேப் ஃபோல்டர்களுக்கு வெளியே, கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் ஃபோல்டருக்கு நகல் எடுத்து வைக்க முடிகிற புரோகிராம் வேண்டும். நான் பார்க்கும் முதல் தகுதி அது.

இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு என் வீட்டில் நடந்த ஒன்று காரணம். 2003-ல் அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். தஞ்சாவூரில் உதிரி பாகம் வாங்கிப் பூட்டிய ஒரு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது, அப்பா தமிழில் தட்டச்சப் பழகினார். வாரத்துக்கு ஒரு கடிதம் அவன் எழுதுவான், ஒரு கடிதம் இவர் எழுதுவார். வயல்ல தண்ணி வந்துச்சா, மேட்டூர் திறந்தாச்சா, பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்படி ஆச்சு என்று அவன் கேட்பான். பக்கம் பக்கமாக இவர் பதில் எழுதுவார். பாப் வழிதான், சர்வரில் எதுவும் மிஞ்சாது. 2008-ல் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தோம். திரும்பி வந்தபோது புதிதாக விண்டோஸ் போட்டு, பளிச்சென்று சுத்தமாக இருந்தது. மெயில் புரோகிராமைத் திறந்தேன். காலி. ஹார்டு டிஸ்கை ஃபார்மேட் செய்துவிட்டார்கள். "டேட்டா எதுவும் முக்கியமா இருந்துச்சா சார்?" என்று அந்தப் பையன் பிறகு கேட்டான். கேட்டிருக்க வேண்டியது முன்னால். நானும் சொல்லியிருக்க வேண்டும்.

முழுக்கப் போகவில்லை. 2005 தீபாவளி சமயத்தில் போட்டோக்களோடு சேர்த்து மெயில் ஃபோல்டரையும் ஒரு சிடியில் எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துப் பார்த்தபோதுதான் அடுத்த பாடம். கோப்புகள் இருந்தன, திறக்க முடியவில்லை. அவை டிபிஎக்ஸ் கோப்புகள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற புரோகிராமின் சொந்த வடிவம் அது. அந்தப் புரோகிராம் 1997-ல் வந்து விண்டோஸ் 98, எக்ஸ்பி காலம் வரைக்கும் கூடவே இருந்தது. விண்டோஸ் விஸ்டாவில் அதை எடுத்துவிட்டு விண்டோஸ் மெயில் என்று வேறொன்று வைத்தார்கள். விண்டோஸ் 7-ல் கூட வரும் மெயில் புரோகிராமே கிடையாது. விண்டோஸ் லைவ் மெயில் என்பதைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10-ல் மெயில் என்ற செயலி வந்தது, அது 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. இப்போது அந்த இடத்தில் புதிய அவுட்லுக் இருக்கிறது. ஒரே கம்பெனி, முப்பது வருடம்கூட ஆகவில்லை, ஐந்து புரோகிராம்கள். வெளியிலும் இதே கதைதான். 1988-ல் ஸ்டீவ் டார்னர் எழுதிய யூடோரா என்ற மெயில் புரோகிராமை உலகமெங்கும் கொண்டாடினார்கள். 2006-ல் அதன் வளர்ச்சி நின்றது. புரோகிராம்கள் வரும், போகும். அப்பாவின் கடிதம் அப்படி வந்து போகிற சாமான் இல்லை.

அந்தக் கோப்புகளைப் பின்னால் எப்படித் திறந்தேன் என்றால், எக்ஸ்பி இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒரு நண்பரின் கம்ப்யூட்டரில் அவற்றைப் போட்டு, அதே பழைய புரோகிராமுக்குள் ஏற்றி, அதே கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற இன்னொரு மெயில் புரோகிராமை நிறுவி, அதற்குள் இழுத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அதனால் எங்கே என்பதற்கு அடுத்த கேள்வி, எந்த வடிவத்தில் என்பது. தண்டர்பேர்டு மெயிலைச் சேமிப்பது எம்பாக்ஸ் என்ற வடிவத்தில். யூனிக்ஸ் கணினிகளில் பிறந்த மிகப் பழைய முறை அது. ஒரு ஃபோல்டருக்கு ஒரு கோப்பு. அதில் ஒரு கடிதத்துக்குக் கீழே இன்னொரு கடிதம் என்று நீளமாக எழுதிக்கொண்டே போகும், அவ்வளவுதான். நோட்பேடில்கூடத் திறக்கலாம். ஆங்கிலக் கடிதம் அப்படியே படிக்க வரும். தமிழ்க் கடிதம் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிகளாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது கெட்டுப்போகவில்லை. ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்கத் தெரிந்த பழைய மெயில் பாதையில் மற்ற மொழிகளும் படங்களும் போவதற்காக 1992-ல் மைம் என்ற முறையை வகுத்தார்கள். எதையும் சாதாரண ஆங்கில எழுத்தாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் பழையபடி ஆக்கிக்கொள்வது. அந்த மூட்டையைத்தான் நோட்பேடில் பார்க்கிறோம். எம்பாக்ஸைப் படிக்கத் தெரிந்த புரோகிராம்கள் எத்தனையோ இருக்கின்றன. நாளைக்கு தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் இன்னொன்று படிக்கும்.

மைமினால் இன்னொரு விளைவும் உண்டு. சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி வீட்டில் அது எனக்கு நேரிலேயே தெரிந்தது. மெழுகில் வார்த்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றும் முறையில் சிலை செய்கிறவர். மெழுகுப் பிரதி முடிந்ததும் நாலு பக்கமும் படம் எடுத்து வெளிநாட்டில் இருப்பவருக்கு மெயிலில் அனுப்புவார். அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் மண் பூசுவார். "இருபது எம்பிதான் இருக்கு, இருபத்தஞ்சு வரைக்கும் போகும்னு போட்டிருக்கான், ஆனா திரும்பி வந்துருச்சு" என்றார். எழுத்தாக மாற்றும்போது எந்தக் கோப்பும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிடும். 20 எம்பி படங்கள் வழியில் சுமார் 27 எம்பி. படத்தைச் சுருக்கிக் கொடுத்தேன், போய்விட்டது. அவர் வீட்டில் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பணம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, எந்தக் கையில் எந்த முத்திரை, சிலை தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் வாங்கிய சான்றிதழ், எல்லாம் அவருக்கு மெயிலில்தான் இருந்தன. அவருக்கு அது கணக்குப் புத்தகம். அதே கம்ப்யூட்டரில்தான் கல்லூரியில் படிக்கும் பையனும் மெயில் பார்க்கிறான். இருவருக்கும் விண்டோஸிலேயே தனித்தனிப் பயனர் கணக்கு வைத்துக் கொடுத்தேன். ஒருவர் தவறிப்போய் அழித்தது இன்னொருவரைத் தொடாது.

சரி, எதெதைப் பார்க்கலாம்.

பிரவுசரிலேயே மெயில் பார்ப்பது போதுமா? பலருக்குப் போதும். நாளைக்கு இரண்டு மூன்று மெயில், அதுவும் ரயில் டிக்கெட்டும் கரண்ட் பில்லும்தான் என்றால் தனியாகப் புரோகிராம் எதற்கு? ஆனால் ஓய்வூதியக் கடிதங்கள், எல்ஐசி, மியூச்சுவல் ஃபண்டு அறிக்கை, வருமான வரித்துறையின் அறிவிப்பு எல்லாம் இன்று மெயிலுக்கே வருகின்றன. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் விசாத் தாள்களும் அங்கேதான். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிரதி கையில் இருக்க வேண்டும். ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. கூகுள் டிரைவுக்கும் கூகுள் போட்டோக்களுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1-லிருந்து ஏற்றும் போட்டோக்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேருகின்றன. பேரப்பிள்ளை வீடியோ நிறைந்து 15 ஜிபி தீர்ந்துவிட்டால் புது மெயில் வருவது நின்றுபோகும். போனில் வீடியோ எடுத்ததற்கும் வங்கியிலிருந்து மெயில் வராததற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை அழித்துவிடலாம் என்ற விதியையும் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானால் அவர் கணக்கை யார் திறந்துகொண்டே இருப்பார்கள்? இந்த விஷயம் நம் வீடுகளில் பேசப்படுவதே இல்லை. பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லி வைப்பவர்கள் மெயிலைப் பற்றிச் சொல்லி வைப்பதில்லை.

புதிய அவுட்லுக் விண்டோஸோடு இலவசமாக வருகிறது. ஜிமெயில், யாஹூ கணக்குகளையும் சேர்க்கலாம். சேர்த்தால் அந்த மெயிலின் ஒரு பிரதி மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் போகும். இதை அந்தக் கம்பெனியே விளக்கிச் சொல்லியிருக்கிறது. அதாவது மாமாவின் கேள்விக்கு, 'ஜிமெயிலிலும் இருக்கிறது, மைக்ரோசாஃப்டிலும் இருக்கிறது' என்று பதில் சொல்ல வேண்டிவரும். இலவசப் பதிப்பில் விளம்பரமும் உண்டு. எனக்கு இது பிடிக்கவில்லை. கடிதம் இன்னொரு வீட்டைச் சுற்றிக்கொண்டு வர அவசியம் இல்லை. பணம் கொடுத்து வாங்கும் பழைய அவுட்லுக் வேறு. ஆபீஸ் தொகுப்போடு வரும் அது திறமானது, குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அது பாப் கணக்கின் மெயிலை பிஎஸ்டி என்ற கோப்பிலும், ஐமேப் கணக்கின் மெயிலை ஓஎஸ்டி என்ற கோப்பிலும் சேமிக்கும். ஆபீஸ் வேலைக்காக ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். மெயிலுக்காக மட்டும் வாங்க வேண்டாம்.

இஎம் கிளையன்ட் பார்க்க அழகானது, சொந்த உபயோகத்துக்கு இரண்டு கணக்கு வரை இலவசம். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்குக் கூடவே வரும் மெயில் போதும். லினக்ஸ் என்றால் எவல்யூஷன் நல்லது.

நான் போட்டுக் கொடுப்பது தண்டர்பேர்டு. 2004 டிசம்பரில் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. இலவசம், மூல நிரல் திறந்தது, விண்டோஸ், ஆப்பிள், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதற்கும் கஷ்டகாலம் வந்தது. 2012-ல், இதை உருவாக்கிய மொசில்லா அமைப்பு இனி இதில் பெரிதாக உழைக்கப்போவதில்லை என்று அறிவித்தபோது இதுவும் யூடோரா வழியில் போய்விடும் என்றுதான் நினைத்தேன். பயன்படுத்துகிறவர்கள் கொடுத்த நன்கொடையில் அது நின்றது. 2020-ல் மொசில்லாவுக்குக் கீழேயே தனி நிறுவனமாக ஆனது. 2023-ல் முகப்பையே புதுப்பித்தார்கள். 2024-ல் ஆண்ட்ராய்டு போனுக்கும் வந்துவிட்டது. குறை இல்லாமல் இல்லை. பெரிய மெயில் பெட்டியை முதல்முறை இறக்கும்போது நேரம் எடுக்கும். மெனுக்களில் அமைப்புகள் அளவுக்கு மீறி இருக்கின்றன. அழித்த மெயில் கோப்பிலிருந்து உடனே நீங்காது. 'காம்பாக்ட்' என்ற கட்டளையால் கோப்பைச் சுருக்கிய பிறகுதான் இடம் மிச்சமாகும். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வரும் மெயிலில் வெளியிலிருந்து இழுக்கும் படங்களை அது தானாகக் காட்டாது, நாம் சொன்னால்தான் காட்டும். அது குறையல்ல, நல்லதுதான். அந்தப் படங்கள் வழியாகவே நாம் எப்போது திறந்தோம் என்று அனுப்பியவர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

தமிழுக்கு வருகிறேன். அப்பாவின் கடிதங்களில் என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். அந்த நண்பர் வீட்டில் கோப்புகள் திறந்ததும், அண்ணன் பெயர் தெரிந்தது, தேதி தெரிந்தது, உள்ளே போனால் தலைக்குமேல் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வரிவரியாகக் கிடந்தன. கெட்டுப்போன கோப்பு என்று யாரும் தூக்கிப் போட்டிருப்பார்கள். அது டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்து முறை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்தைக் கணினியில் வைக்க ஆளுக்கு ஒரு முறை இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்ற முறைகளை ஏற்றது. வெளிநாட்டுத் தமிழர்களிடையே மெயிலுக்கு டிஸ்கி பரவியிருந்தது. ஈழத்தமிழர்கள் பலர் பாமினி எழுத்துருவில் எழுதினார்கள். இவை எல்லாம் ஆங்கிலமும் ஐரோப்பிய எழுத்தும் இருக்கும் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைப்பவை. உரிய எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் அந்தக் கோடும் புள்ளியும்.

இன்னும் நுணுக்கமாக ஒன்று உண்டு. 'கெ' என்று எழுதும்போது கொம்பு இடப்பக்கம் நிற்கிறது. டிஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பை முதலில் வைத்து, பின்னால் ககரத்தை வைக்கும். யூனிகோடு ககரத்தை முதலில் வைத்து, கொம்பை அதன் பின்னால் வைக்கும். அதனால் எழுத்துருவை மட்டும் மாற்றி டிஸ்கிக் கடிதத்தைப் படித்துவிட்டாலும், 'கெண்டை' என்று தேடினால் அகப்படாது. ஒவ்வொரு கடிதத்தையும் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் அதற்கு இருக்கின்றன. நான் அப்படித்தான் செய்தேன்: அசலைத் தொடாமல், மாற்றிய உரையைத் தனியாக எடுத்துக்கொண்டேன். மாற்றியதும் முதலில் எழுந்து வந்த வரி, "இன்று காலை தண்ணீர் நம் தலைப்பு மடைக்கு வந்துவிட்டது" என்பது. அப்பா எழுதியது, 2004. அந்த வருடமும் வழக்கமான ஜூன் 12-க்கு மேட்டூர் அணை திறக்கவில்லை, எவ்வளவு காத்திருந்து எழுதிய வரி என்று எங்களுக்குத் தெரியும்.

இப்போது எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவம் எங்கும் வந்துவிட்டது, எந்தப் புரோகிராமும் தமிழை ஒழுங்காகவே காட்டும். ஆனால் 2005-க்கு முந்தைய மெயில் யாரிடமாவது சிடியிலோ பழைய ஹார்டு டிஸ்கிலோ இருந்தால், கோடும் புள்ளியுமாகத் தெரிகிறது என்று அழித்துவிடாதீர்கள். உள்ளே தமிழ் இருக்கிறது.

வீட்டில் ஒரு பிரதி வேண்டும் என்று டெல்டாவில் இருந்துகொண்டு சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மன்னார்குடி, முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை அடியோடு சாய்ந்தது. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. போன் டவர்கள் கிடையாது. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகப் போய் மணிக்கு இவ்வளவு என்று மேல்தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தபோது தண்ணீர் ஏறுகிற அரைமணி நேரத்தில் மடிக்கணினியைச் சொருகிச் சார்ஜ் ஏற்றினேன். சொந்தக்காரர் ஒருவர் தென்னைக்கு நிவாரணம் எழுதிக் கொடுக்கச் சிட்டா நகலும் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கமும் தேவை என்று நடந்தே வந்திருந்தார். வீட்டில் இருந்த காகிதம் நனைந்து கூழாகிவிட்டது. அந்த நகல்களை ஆறு மாதம் முன்பு எனக்கு மெயிலில் அனுப்பியிருந்தார். இணையம் இல்லை, ஆனால் மெயில் என் மடிக்கணினியிலேயே இருந்தது. திறந்து, சர்வே எண்ணும் கணக்கு எண்ணும் பார்த்து, நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

மாமா வீட்டுக்குத் திரும்புகிறேன். புதுக் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டை நிறுவினேன். ஜிமெயில் கணக்கின் பெயரைக் கொடுத்ததும் கூகுளின் ஜன்னல் திறந்து அங்கேயே கடவுச்சொல் கேட்டது. இது இப்போதைய முறை. புரோகிராமிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து வைக்கும் பழைய வழியை கூகுள் 2022-லிருந்து சொந்தக் கணக்குகளுக்கு அடைத்துவிட்டது. பழைய புரோகிராம்கள் பல ஜிமெயிலில் வேலை செய்யாமல் போனதற்கு இதுவே காரணம். அடுத்து, ஜிமெயிலில் ஒரு சிக்கல். அதில் உண்மையான ஃபோல்டர் கிடையாது, கடிதத்தில் ஒட்டும் பெயர்ச்சீட்டு மாதிரியான லேபிள்தான். ஐமேப் வழியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு லேபிளும் ஃபோல்டராகத் தெரியும்; இன்பாக்ஸில் இருக்கும் கடிதமே 'ஆல் மெயில்' என்பதிலும் இருக்கும். இரண்டும் இறங்கினால் இடம் இரட்டிப்பாகச் செலவாகும். பிரவுசரில் ஜிமெயில் அமைப்புகளில் லேபிள்கள் பகுதிக்குப் போய், 'ஆல் மெயில்' ஐமேப்பில் தெரிய வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். ஆர்க்கைவ் செய்த, அதாவது இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கி வைத்த, பழைய கடிதங்கள் இருந்தால் அதை எடுக்கக்கூடாது, அவை அங்கே மட்டும்தான் தெரியும். மாமா எதையும் ஆர்க்கைவ் செய்கிறவர் இல்லை, இன்பாக்ஸில்தான் எல்லாம்.

கணக்கு அமைப்பில் 'இந்தக் கம்ப்யூட்டரில் மெயிலை வைத்துக்கொள்' என்ற தேர்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்க விட்டோம். மாமி காபி கொண்டுவந்தார். கீழே பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வரை ஆனது. அப்புறம் 'லோக்கல் ஃபோல்டர்' என்பதற்குக் கீழே மகள் பெயரில் ஒன்று திறந்து, அவளுடைய கடிதங்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அதற்கு நகல் எடுத்தோம். நகர்த்தவில்லை, நகர்த்தினால் சர்வரிலிருந்து நீங்கிவிடும். இந்த வித்தியாசத்தை மாமாவை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டச் சொன்னேன், ஒட்டினார்.

கடைசியாக, மெயில் கிடக்கும் ஃபோல்டரையே திறந்து காட்டினேன். உதவி மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங்' பக்கத்துக்குப் போனால் அந்த இடத்தைத் திறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. "இதோ மாமா, இதுக்குள்ளதான் இருக்கு. தண்டர்பேர்டை மூடிட்டு இந்த ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்டு டிஸ்க்ல காப்பி பண்ணிட்டா போதும்" என்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மகள் பெயரில் இருந்த கோப்பின்மேல் விரலை வைத்தார்.

"அப்ப நெட்டு இல்லாட்டியும் தொறக்கும்?"

"தொறக்கும்."

மோடத்தின் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "இப்ப தொற பாப்போம். அவ போன புதுசுல எழுதினது, 2007."

கீழே இறங்கி இறங்கிப் போய் அந்த மெயிலைத் திறந்தேன். திறந்தது. மாமியைக் கூப்பிட்டார். இருவரும் நின்றபடியே படித்தார்கள். ஒயர் அவர் கையிலேயே இருந்தது. படித்து முடித்ததும், வெளி ஹார்டு டிஸ்க் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும், சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார்.